கறுப்புத் திரைக்கு வந்த பார்சல்

தபாற்கந்தோரிலிருந்து வந்த அட்டையை நான்தான் முதலில் கண்டேன். மகளின் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்திருக்கிறது, அடையாள அட்டையோடு வந்து எடுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. வாசலில் நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு மடித்து என் கைப்பையின் உள்ளறைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று பாடசாலையில் எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்தேன். கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை.

பார்சலை அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். தெரியும் என்றால், மகள் சொன்ன அளவுக்கு. தூர தேசத்தில் தனியாக இருக்கும் வயதான மனிதர், பழைய கணினிகளைச் சேர்ப்பவர், இணையத்தில் ஒரு குழுவில் பழக்கமானவர். இவற்றில் ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. வயதானவர் என்று அவரே சொன்னது. தனியாக இருப்பதும் அவரே சொன்னது. என் மகனுக்கு வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன பெண்ணும் இப்படித்தான், கேட்காமலே தன்னைப் பற்றி நிறையச் சொன்னாள்.

கணினி எங்கள் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் பெரிய கிளாக்கர். தேயிலை ஆலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அந்த ஸ்டோரின் மேல்மாடியில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து துப்புரவாக்கியபோது, உடைந்த தராசுகளுக்கும் சாக்குக் கட்டுகளுக்கும் பின்னால் ஒரு கணினி இருந்தது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் வந்ததாம். தொழிலாளரின் பேரும் சம்பளமும் அதில் போட வேண்டுமென்று கொண்டுவந்து வைத்தார்களாம். அப்போதிருந்த கிளாக்கர்மார் அதைத் தொடப் பயந்து கையாலேயே எழுதிக்கொண்டு, மேலே துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம்தான் அதைக் கெடாமல் காப்பாற்றியது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, “பழைய இரும்புக்குப் போட்டுடுங்க” என்றாராம். கணவர் மகளை நினைத்துக்கொண்டு, கேட்டு வாங்கி, பதுளைக்கு வரும் தேயிலை லொறியில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேரம் இருந்தது. முன்னறை மேசையில் அதை வைத்து, பல் தூரிகையால் தூசி தட்டி, உள்ளே கழற்றிப் பூட்டி, ஒரு பின்னேரம் அதற்கு உயிர் கொடுத்தாள். அரிசி ஆலை மாதிரி ஒரு சத்தம். பிறகு கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்து. பெயர் என்ன என்று கேட்டது.

“இது யுனிக்ஸ், அம்மா” என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அறிமுகப்படுத்துகிற மாதிரி. அந்தக் காலத்து மேசைக் கணினிகள் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வேலைதான் செய்யுமாம். இது பலருடைய வேலைகளை ஒரே நேரத்தில் சுமக்குமாம். ஆனால் எல்லாமே எழுத்து. தட்டினால் பதில் வரும், தட்டாவிட்டால் சும்மா இருக்கும்.

“அதான் ஓடுதே. இன்னும் என்ன?” என்றேன்.

“ஓடுதும்மா. ஆனா படம் வராது. இதப் பாருங்க.” கணினியோடு கிடைத்த தடித்த கைநூலுக்குள்ளிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்துக் காட்டினாள். அதே கணினி, அதே திரை. ஆனால் திரைக்குள்ளே நாலு பெட்டிகள். ஒன்றில் கணக்கு, ஒன்றில் கடிதம், ஒன்றில் மணிக்கூடு, ஒன்றில் ஏதோ வரைபடம். பக்கத்தில் ஒரு மௌஸ். “இந்த விண்டோ மென்பொருள் தனியா வாங்கணும்னு போட்டிருக்கு.”

“எங்க வாங்கலாமாம்?”

“அதான் ஒருத்தருக்கும் தெரியல.”

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பேச்சில்லை. அந்தக் காலத்தில் யுனிக்ஸ் கணினி விற்றவர்கள் எல்லோரும், ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் மென்பொருள் வரப்போகிறது என்று விளம்பரம் போட்டார்களாம். சிலது வந்ததாம். சிலது வந்தும் ஓட முடியாத அளவுக்கு இடம் கேட்டதாம். எங்கள் வீட்டுக் கணினிக்கு உரியதை மட்டும் இணையத்தில் ஒருவரும் கண்டதில்லை. அறிவித்தார்கள், ஆனால் விற்கவே இல்லை என்று பாதிப்பேர் சொன்னார்கள். விற்றார்கள், ஆனால் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது என்று மற்றப் பாதி. மகள் அந்தக் குழுவில் ஒரு கேள்வி போட்டாள். அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். என்னிடம் இருக்கிறது என்றார்.

மென்பொருள் அவரிடம் இருக்கிறது, ஆனால் அவருடைய கணினி செத்துவிட்டது. கணினி எங்களிடம் இருக்கிறது, மென்பொருள் இல்லை. மகள் இதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை. இவ்வளவு கச்சிதமாக ஒன்று பொருந்தினால் அதை யாரோ பொருத்தியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படும். என் மகனுக்கும் இப்படித்தான் பொருந்தியது. அவனிடம் இங்கிலீஷும் டைப்பிங்கும் இருந்தன, வேலை இல்லை. அவர்களிடம் வேலை இருந்தது, இங்கிலீஷ் தெரிந்த பையன் இல்லை.

கிழக்கே ஒரு நாட்டில் கம்பனி வேலை என்று போனான். விமான நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போன வாகனம் இரவெல்லாம் ஓடி, ஒரு ஆற்றைக் கடந்து, மதிலுக்குள்ளே ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே அவனை ஒரு கணினிக்கு முன்னால் உட்காரவைத்து, வேறொருவனாக, சில நாள் வேறொருத்தியாக, உலகத்தில் தனியாக இருக்கும் மனிதர்களுக்கு அன்பாக எழுதச் சொன்னார்கள். எழுதாவிட்டால் அடி. மாதக் கணக்கில் அவனுடைய குரல் வரவில்லை. வந்தபோது அது அவனுடைய குரலாக இல்லை. கடைசியில் வேறு பலரோடு சேர்த்து அவனையும் மீட்டு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தில், ஒப்பந்தம் முடிந்து வந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறோம். இப்போது அவனிடம் பட்டன் தொலைபேசி ஒன்றுதான். கணினி இருக்கும் முன்னறைக்குள் வராமல், பின்னால் சமையல் செய்யும் குசினி வழியாகப் போய் வருவான். தொலைபேசி அடித்தால் நான் இன்னும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன்.

ஆகவே அட்டையைக் கைப்பைக்குள் வைத்திருந்ததற்கு எனக்கு வெட்கமில்லை. “அம்மா, போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ஒண்ணும் வரலியா?” என்று மகள் கேட்கும்போதெல்லாம் இல்லை என்றேன். ஆனால் அவளே தபாற்காரரை வழியில் மறித்துக் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து என் முன்னால் கையை நீட்டினாள். அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

“நானும் வருவேன்” என்றேன்.

“வாங்க. போலீஸ்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

தபாற்கந்தோரில் பார்சலைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். உள்ளே பழைய பத்திரிகைத் தாள்களால் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் சில கறுப்புச் சதுரங்கள். பழைய காலத்து ஃபுளொப்பிகள். கவுண்டரில் இருந்த அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடுவில் ஒரு ஓட்டை, அதற்குக் கீழே நீள்வட்டமாக ஒரு வெட்டு, அதற்குள்ளே மண்ணிறமாகப் பளபளவென்று ஒரு தகடு. இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். மகள் விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பியவரின் முகவரியில் ஆளின் வீடு இல்லை. பழைய கணினிக்காரர்களின் சங்கம் ஒன்றுக்குரிய முகவரி இருந்தது. அதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை நவராத்திரி. எங்கள் பாடசாலையில் வாணி விழா வேலை. எனக்கு அப்போது ஒரு வழி தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைச் சாமியறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பாடப் புத்தகங்களோடு வைத்தேன்.

“விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது” என்றேன்.

மகள் என்னை உற்றுப் பார்த்தாள். “அம்மா, இது பூசைக்கா, விசாரணைக்கா?”

“ரெண்டுக்கும்தான்.”

“அப்ப ஒழுங்கா விசாரிங்க” என்றவள் தன்னுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “அவர் எழுதினது, நான் எழுதினது, எல்லாம் இருக்கு. முதல்ல இருந்து படிங்க.”

படித்தேன். எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கணினியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு என்கிறார். திறக்கும்போது பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருப்பார்களா என்று கேட்கிறார். ஓடவைத்துப் பார்க்கும்வரைக்கும் இதைக் குழுவில் யாரிடமும் சொல்லாதே என்கிறார். வீட்டு முகவரி கேட்கிறார். என் மகனை ஏமாற்றிய பெண் கேட்டதும் இதே வரிசையில்தான். என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து குசினிக்குப் போனேன். மகன் பின்கதவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அவனிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. வைத்தியர், கேட்காதீர்கள், அவனாகச் சொல்லட்டும் என்றிருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் இதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான்.

“தம்பி, ஒரு ஆள் தங்கச்சிக்கு எழுதியிருக்கான். அந்த மாதிரி ஆளான்னு நீ பாத்துச் சொல்லணும்.”

அவன் எழுந்து உள்ளே வந்தான். பிறகு கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை வாங்கினான். நான் தேத்தண்ணி போட்டேன். அவன் அதை ஆறவிட்டான். மகள் கதவு நிலையில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டு நின்றாள்.

“இவர் அந்த ஆள் இல்ல” என்றான்.

“எப்படிடா சொல்ற?”

“பதில் போட ரெண்டு கிழமை எடுக்கிறாரு. நாங்க அப்படி விட்டா அடி விழும்.”

நாங்க என்றான்.

“இதப் பாருங்க. இவ ஏதோ சொன்னதுக்கு, நீ சொல்றது பிழை, கைநூலை ஒழுங்காப் படின்னு எழுதியிருக்காரு. நாங்க யாரையும் பிழைன்னு சொல்லக்கூடாது. நீங்க எவ்வளவு கெட்டிக்காரர்னு மட்டும்தான் சொல்லணும்.” கொஞ்சம் மேலே தள்ளினான். “இதுதான் முக்கியம். இவ அனுப்பின படத்துல திரைக்கண்ணாடியில இவ முகம் விழுந்திருக்கு. அதுக்கு அவர் என்ன எழுதியிருக்கார் பாருங்க. உன் முகம் தெரியுது, நான் அழிச்சிட்டேன், நீயும் அழிச்சிட்டு வேற படம் எடுத்து அனுப்புன்னு. நாங்கன்னா அந்தப் படத்தை...”

அவன் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாதேன்னு எழுதியிருக்கானே, அது?” என்றேன்.

மகள் குறுக்கிட்டாள். “இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு அவர் சொன்னப்போ அந்தக் குழுவுல எல்லாரும் சிரிச்சாங்கம்மா. ஓடாட்டி திரும்பவும் சிரிப்பாங்கன்னு பயம். பெரியவங்க இருப்பாங்களான்னு கேட்டது, திறக்கிறப்போ ஷாக் அடிக்கும்னுதான்.”

“இவனையும் மிஞ்சின கள்ளனா இருந்தா?” என்று மகனைக் காட்டிக் கேட்க வந்து, வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவனுக்கு விளங்கிவிட்டது.

“எங்களையும் மிஞ்சினவனா இருந்தா, அவனுக்கு நம்ம வீட்டு இரும்புப் பெட்டி எதுக்கும்மா?”

அவன் சொன்னதை மூளை ஏற்றுக்கொண்டது. மற்றது ஏற்கவில்லை. அன்றிரவும் கதவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

விஜயதசமிக் காலையில் மகள் குளித்து, சாமியறைக்குப் போனாள். போன வேகத்தில் அவள் கத்துகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃபுளொப்பிகள் தாளுறையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, வெற்றிலை பரப்பின மாதிரி அழகாகப் பரப்பப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும், அந்த நீள்வட்ட வெட்டுக்குள் பளபளத்த மண்ணிறத் தகட்டில், சந்தனப்பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

கணவர் முதல்நாள் பூசைக்கென்று தோட்டத்திலிருந்து வந்திருந்தார். ஸ்டோரில் ஆயுத பூசை என்றால் கொழுந்து அரைக்கிற ரோலர் முதல் தூள் நிறுக்கிற தராசு வரைக்கும் பொட்டு வைக்காத ஒன்று இருக்காது. இத்தனை வருடமாக அதைச் செய்த கை.

“அப்பா!”

“என்னம்மா? தாள் உறையில வச்சா ஊறிப் போயிருமேன்னு எடுத்து வச்சேன்.”

“அந்த இடத்துல ஏன்பா வச்சீங்க?”

“அதுதானே நெத்தி மாதிரி இருந்துச்சு.”

மகள் கீழே உட்கார்ந்து அழுதாள். எழுத்தெல்லாம் அந்தத் தகட்டில்தான் இருக்கிறதாம். அப்படியே உள்ளே விட்டால் தகடும் போகும், வாசிக்கிற கருவியும் போகும். உலகத்தில் வேறு பிரதி இருக்கிறதா என்று தெரியாது. பூசைக்கு வைத்தது நான் என்பதை அவள் ஒரு சொல்லால்கூடச் சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“அவர்கிட்டயே எழுதிக் கேளு” என்றான் மகன். முன்னறை வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

மகள் எழுதினாள். இப்போது தெரிந்துவிடும் என்று நான் நினைத்தேன். நல்ல முகம் எல்லாம் காரியம் நடக்கும்வரைக்கும்தான். கெட்டுப்போனது என்றதும் உள்ளே இருக்கிற முகம் வெளியே வரும். காத்திருந்த நாட்களில் நான் பாடசாலையில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன்.

பதில் வந்தது. முதல் வரியில் கோபம். பிரதி எடுக்காமல் அனுப்பிய நான் ஒரு மடையன், ஃபுளொப்பிகளை உறையிலிருந்து வெளியே எடுத்துப் போட்ட நீங்களும் மடையர்கள் என்று. அதற்குக் கீழே ஒரு கேள்வி. பூசியது தண்ணீரில் குழைத்ததா, எண்ணெயில் குழைத்ததா?

“பன்னீர்லதான். எண்ணெய் தொடவே இல்ல” என்றார் கணவர், நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி.

பன்னீர் என்று எழுதிய பிறகு, இன்னும் சில நாள் கழித்து வழிமுறை வந்தது. கறுப்பு மேலுறையின் ஒரு ஓரத்தை வெட்டித் தகட்டை வெளியே எடுக்க வேண்டும், சவர்க்காரத் தண்ணீரில் விரல் நுனியால் கழுவ வேண்டும், காயவைத்து வேறு சுத்தமான உறைக்குள் போட வேண்டும். மகள் கத்தரிக்கோலை ஓரத்தில் வைத்துவைத்து எடுத்தாள். மகன் கத்தரிக்கோலை வாங்கினான். பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம், ஒரு பேசின், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவன். குழந்தையின் காதைக் கழுவுகிற மாதிரிக் கழுவினான். சந்தனம் தண்ணீரில் மஞ்சளாகக் கரைந்தது.

ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் கைக்குட்டைகூடக் காயாது. “ஸ்டோருக்குக் கொண்டு போறேன். கொழுந்து வாட்டுற இடத்துல நல்ல காத்து வரும்” என்றார் கணவர்.

“அப்பா, நீங்க அதுக்குக் கிட்ட வராதீங்க” என்று இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சான்றிதழ்களையெல்லாம் வைத்து, உள்ளே ஒரு பல்ப் எரியவிட்டிருக்கும் எங்கள் அலுமாரியில்தான் தகடுகளைத் தொங்கவிட்டோம். பிறப்புப் பத்திரங்களுக்கும் மகனுடைய பழைய பாஸ்போர்ட்டுக்கும் மேலே அவை ஆடின.

ஓடவைத்த அன்று மகன் முன்னறைக்குள் வந்தான். யாரும் அழைக்கவில்லை. ஃபுளொப்பி ஒவ்வொன்றாக உள்ளே போனது. கணினி கரகரத்தது, நின்றது, மறுபடி கரகரத்தது. ஒன்றில் பிழை என்றது. மகன் அதை எடுத்து, மறுபடி கழுவி, மறுபடி காயவைத்து, அடுத்த நாள் போட்டான். கறுப்புத் திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. பிறகு பச்சைக் கோடுகளால் ஒரு பெட்டி, அதற்குள்ளே ஒரு மணிக்கூடு. முள் மெதுவாக, இழுத்து இழுத்து நகர்ந்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டி திறந்தது, வெறுமையாக.

இவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்தேன். மகளின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். மகன் அவளுக்குப் பின்னால் நின்று, “படம் எடு. உன் முகம் விழாம எடு” என்றான்.

பிறகு நான்தான் சொன்னேன், அந்த மனிதருக்கு நல்ல தேயிலைத்தூள் அனுப்பலாம் என்று. கணவர் தோட்டத்திலிருந்து முதல்தரத் தூள் கொண்டுவந்தார். சங்கத்தின் முகவரிக்கு அனுப்பினால் யாராவது குடித்துவிடுவார்கள், அவருடைய வீட்டு முகவரியைக் கேள் என்றேன். மகள் கேட்டாள்.

வழக்கம்போல் பல நாள் கழித்துப் பதில் வந்தது. மகள் வாசிக்கத் தயங்கினாள். மன்னிக்க வேண்டும், இணையத்தில் பழகியவர்களுக்கு நான் வீட்டு முகவரி கொடுப்பதில்லை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் எனக்குச் சரியாக விளங்கவில்லை, அனுப்புவதென்றால் சங்கத்துக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நம்மளப் பாத்தா கள்ளன் மாதிரியா தெரியுது அந்தாளுக்கு?”

மகன் சிரித்தான். வந்த பிறகு அவன் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை. மகளும் சேர்ந்துகொண்டாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் மடிக்கணினியை வாங்கி அந்தப் பதிலை நானே இன்னொரு தடவை படித்தேன். அவர் எங்களைச் சந்தேகப்படுகிறார். எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனிதர், கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் படுக்கிற மனிதர், உண்மையாகவே இருக்கிறார்.

“அவர் செய்தது சரிதான்” என்றேன்.

தேயிலைத்தூளைத் தகரத்தில் அடைத்து, துணி சுற்றித் தைத்து, சங்கத்தின் முகவரியை எழுதினேன். அனுப்புபவர் என்ற இடத்தில் என் பாடசாலையின் முகவரியைப் போட்டேன்.

மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “அம்மா, நம்ம வீட்டு அட்ரஸுக்குத்தானே அவர் பார்சலே அனுப்பினாரு.”

“இருக்கட்டும்” என்றேன்.